சிக்லிட் மீனு செத்துட்டே இருக்கு, அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

பீளமேடு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்டுல சிக்லிட் டேங்க் வச்சிருக்கேன், ரொம்ப நாளா எந்தத் தொந்தரவும் இல்லாம ஓடிட்டிருந்துச்சு, இப்ப கொஞ்ச நாளா திடீர் திடீர்னு சாவுது. நேத்து ராத்திரி நல்லா தின்னுட்டு சுத்துன மீனு காலைல பாத்தா அடியில கெடக்குது, இன்னைக்கு மட்டும் நாலு போயிருச்சு. புண்ணு இல்ல, வெள்ளப்புள்ளி இல்ல, செதிலும் தூக்கல. தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு எல்லாம் நார்மல். மருந்தும் ஊத்தியாச்சு. என் பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்கா, மிச்சத்தையாவது காப்பாத்தணும், சீக்கிரம் சொல்லுங்க.

தொட்டிக்காரன்:
ப்ரோ டேங்க் சைஸ் என்ன? எத்தன மீனு? எந்த சிக்லிட்? ஆஸ்கரும் சிக்லிட் தான், ஏஞ்சலும் சிக்லிட் தான், ஃப்ளவர்ஹார்னும் சிக்லிட் தான். என்ன மருந்து ஊத்துனீங்க, எவ்ளோ ஊத்துனீங்க?

அம்முலு_டேங்க்:
ஏர் பம்ப் பக்கத்துல கொசு லிக்விட் மாட்டியிருக்கீங்களா? அதுல இருக்கற மருந்து மனுசனுக்கு அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு கடும் விசம். பம்ப் ரூம் காத்த இழுத்து நேரா தண்ணிக்குள்ள விடுது. எங்க வீட்டுல ரெண்டும் ஒரே ஸ்விட்ச் போர்டுல இருந்துச்சு, காலைல மீனு பக்கவாட்டுல சாஞ்சு வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. மொதல்ல அத கழட்டுங்க.

மலாவி_வாத்தியார்:
"எல்லாம் நார்மல்"னு ஒரு அளவு உலகத்துல கெடையாது தம்பி. நம்பர் போடணும். இது எத்தன தடவ இங்க சொல்லியாச்சு, புதுசா வர்றவங்க பழைய பதிவ படிக்கறதே இல்ல. படிக்காம சிக்லிட் வாங்காதீங்க. சரி, என்ன தீனி? ரத்தப்புழு போடுறீங்கன்னு வைங்க, கேஸ் முடிஞ்சுது, இது மலாவி ப்ளோட்ங்கற வயிறு வீங்கற நோய். ம்பூனாங்கறது ஆப்ரிக்காவுல மலாவி ஏரி சிக்லிட், பாறையில பாசி சொரண்டித் திங்கிற மீனு, நீளமான குடல், அதுக்குப் புழு செரிக்காது. மெட்ரோனிடசோல் மருந்து ஆரம்பிங்க.

நெல்லை_கெண்டை:
வாத்தியாரே, அவரு முந்தின ராத்திரி வரைக்கும் நல்லா தின்னுச்சுன்னு எழுதியிருக்காருல்லா? ப்ளோட் வந்த மீனு மொதல்ல தீனியத்தான் விடும், மூலையில போயி நிக்கும், வெள்ளையா நூலு மாதிரி கழியும், வயிறு வீங்கும். ஒரே ராத்திரில நாலு போகாது. மொத்தமா போனா தண்ணியத்தான் பாக்கணும்.

மலாவி_வாத்தியார்:
ப்ளோட் முத்துனா எப்படியும் போகும். நான் பாக்காத டேங்கா.

பீளமேடு_பையன்:
எல்லாருக்கும் நன்றிங்க. டேங்க் 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி ஒசரம். எல்லோ லேப், பவுடர் ப்ளூ, ரெட் ஜீப்ரா, டெமசோனின்னு மலாவி ம்பூனா எல்லாம் சேந்து 30 கிட்ட இருந்துச்சு. டாப் ஃபில்டர். மெத்திலீன் ப்ளூ ஊத்துனேனுங்க. புழு போடறதில்ல, குச்சித் தீனி மட்டும்தான். கொசு லிக்விட் பெட்ரூம்ல மட்டுந்தாங்க்கா. வீட்டுல என்னடான்னா மிச்சத்தையும் சாகறதுக்குள்ள கொண்டுபோயி உக்கடம் கொளத்துல விட்ருங்கன்னு சொல்றாங்க, எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுது.

நெல்லை_கெண்டை:
கொளத்துல மட்டும் விட்ராதீங்க. கைகூப்பிக் கேக்கேன்.

கடை_வச்சிருக்கேன்:
மெத்திலீன் ப்ளூ மெயின் டேங்க்ல ஊத்தவே கூடாது சார், ஃபில்டர்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் அடிச்சிரும். ஜியோலைட் கல்லு போடுங்க, எறா பண்ணைக்கு விக்கற கடையில மூட்டையாவே கெடைக்கும், மீனு கழிவுல வர்ற அமோனியாவ இழுத்துக்கும். கூடவே ரெண்டு கை கல்லுப்பு.

சாயப்பட்டறைத்_தண்ணி:
ஜியோலைட்டும் உப்பும் ஒண்ணா போடாதீங்க. இழுத்து வச்ச அமோனியாவ உப்பு பட்டதும் திரும்பத் தண்ணியிலயே விட்டுரும். ஏதாவது ஒண்ணுதான்.
நான் திருப்பூர்ல சாயக்கழிவு சுத்தம் பண்ற ப்ளான்ட்ல வேலை பாக்கறேன், தண்ணிதான் நமக்குச் சோறு. சில கேள்வி கேக்கறேன், பொறுமையா சொல்லுங்க. ஒவ்வொரு தடவ செத்தப்பவும் அதுக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க? உங்க ஏரியாவுக்கு வர்றது சிறுவாணி அணைத் தண்ணியா பில்லூர் அணைத் தண்ணியா, இல்ல போரா? டெஸ்ட் பண்ணுனது டேங்க் தண்ணியா, கொழாத் தண்ணியா? உள்ள மரக்கட்ட, கல்லு, மணல் என்ன இருக்கு?

தொட்டிக்காரன்:
கொளம்னதும் ஏன் பயப்படணும்? ஆப்ரிக்க ஏரி மீனு நம்மூர்த் தண்ணில நாலு நாள் தாங்குமா, கொக்கு தூக்கிட்டுப் போயிரும்.

நெல்லை_கெண்டை:
தாங்குமாவா? ஜிலேபிக் கெண்ட எந்த ஊரு மீனுன்னு நெனச்சிய? அதுவும் ஆப்ரிக்கா தான், அதுவும் சிக்லிட் தான். 1952ல இந்தியாவுக்குள்ள கொண்டாந்தாவ, இன்னைக்கு எந்தக் கொளத்துல வல போட்டாலும் அதுதான் பாதிக்கு மேல வருது. குஞ்ச வாயில வச்சு வளக்குற மீனு, எளுப்பத்துல அழியாது. உங்க ம்பூனாவும் வாயிலதான் வளக்கும். எங்க பக்கம் சின்னப் புள்ளயில கையில புடிச்ச கெண்ட, குறவையெல்லாம் இப்ப தேடித்தான் பாக்கணும்.

தொட்டிக்காரன்:
ஜிலேபி வந்ததால ஏழைங்களுக்கு மலிவா மீன் கெடைச்சுது, அதையும் சொல்லுங்க. கெண்ட கொறஞ்சதுக்கு கொளத்துல கலக்கற சாக்கடை காரணம் இல்லையா?

நெல்லை_கெண்டை:
சாக்கடையும்தான். சாக்கடையிலயும் ஜிலேபி பொழச்சுக்கிடும், கெண்ட பொழைக்காது, அதத்தான சொல்லுதேன். சென்னையில டேங்க் க்ளீனர்னு வாங்கி ஏரியில விட்ட மீனு இன்னைக்கு வலைய கிழிக்குன்னு மீன்புடிக்கறவங்களே சொல்லுதாவ.

அம்முலு_டேங்க்:
ரெண்டு பேரும் தனியா இழை ஆரம்பிங்க, அவரு மீனு செத்துட்டிருக்கு இங்க.

பீளமேடு_பையன்:
திருப்பூர் அண்ணா, நீங்க கேட்டதுக்கப்புறம்தான் யோசிச்சேன், சாவு வர்றது தண்ணி மாத்துன அன்னைக்கு ராத்திரிதான். ஆனா எல்லா தடவையும் இல்ல. எங்களுக்கு சிறுவாணி தான், அது வர்றதுக்கு நாளாச்சுன்னா அபார்ட்மெண்ட் போர்த் தண்ணி புடிச்சு ஒரு நாள் வச்சு ஊத்துவேன், குளோரின் போகட்டும்னு. டெஸ்ட் கொழாத் தண்ணிக்குத்தான் கடையில பண்ணுனாங்க. உள்ள கலர் கல்லும் ஒரு பெரிய மரக்கட்டையும் இருக்கு, தண்ணி லைட்டா டீ கலர்ல இருக்கும்.

சாயப்பட்டறைத்_தண்ணி:
போர்த் தண்ணி ஊத்துன அன்னைக்குத்தான் சாவுன்னு நான் பந்தயமே கட்டுவேன். டேங்க் தண்ணிய எடுத்து பிஎச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு), அமோனியா, கேஎச் (அமிலத்தத் தாங்கற சத்து) மூணும் பாருங்க. போருக்குத் தனியா பிஎச் பாருங்க. பாக்கற வரைக்கும் ஒரு சொட்டு போர் ஊத்தாதீங்க, தீனி வேண்டாம்.

மலாவி_வாத்தியார்:
மலாவி ஏரி பிஎச் 7.7ல இருந்து 8.6. போர் தான் ஆப்ரிக்கன் சிக்லிட்டுக்கு ஏத்தது. அத நிறுத்தச் சொல்றது அடிப்படையே தெரியாத பேச்சு.

பீளமேடு_பையன்:
பாத்துட்டேனுங்க. டேங்க் பிஎச் கார்டுல கடைசி மஞ்சள், 6, அதுக்குக் கீழ கலரே இல்ல. அமோனியா கார்டுல கடைசிப் பச்சை, 8ன்னு போட்டிருக்கு. கேஎச் மொத சொட்டுலயே கலர் மாறிடுச்சு. போர் பிஎச் 8க்கு மேல.

சாயப்பட்டறைத்_தண்ணி:
இதேதான். விளக்கமா எழுதறேன், மத்தவங்களுக்கும் ஆகும்.
சிறுவாணி ரொம்ப மென்மையான தண்ணி, குடிக்க ருசி, ஆனா அமிலத்தத் தாங்கற கார சத்து, நீங்க கேஎச்னு சொல்றது, அதுல கம்மி. மீனு விடற அமோனியாவ ஃபில்டர் பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும்போது அந்த சத்தத் தின்னுட்டே இருக்கும், ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு, சுண்ணாம்புக்கல் கணக்குல, 7 கிராம் கிட்ட. எங்க ப்ளான்ட்ல இதுக்குன்னே சுண்ணாம்பு கொட்டறோம். உங்க டேங்க்ல 30 மீனு, சுண்ணாம்புச் சத்து விடற கல்லு ஒண்ணு கூட இல்ல, மரக்கட்ட வேற அது பங்குக்கு பிஎச்ச எறக்குது. கேஎச் தீந்ததும் பிஎச் விழுந்துருச்சு. 6.5க்குக் கீழ போனா பாக்டீரியா சோர்ந்துரும், 6 பக்கம் வேலையே நின்ன மாதிரி. அப்புறம் அமோனியா சேந்துட்டே போகும். மெத்திலீன் ப்ளூ அதுக்கு மேல ஒரு அடி.
இப்ப மீனு ஏன் உடனே சாகலன்னா, பிஎச் 6ல அமோனியா கிட்டத்தட்ட முழுசும், நூத்துக்கு தொண்ணூத்தொம்பது பங்குக்கும் மேல, அமோனியம்ங்கற விசம் கம்மியான ரூபத்துல அடங்கிக் கெடக்கும். பிஎச் ஒண்ணு ஏறுனா விசமா மாறற பங்கு பத்து மடங்கு ஏறும். உங்க ஊரு சூட்டுல பிஎச் 8ல நூத்துக்கு ஆறு பங்கு. பாதித் தண்ணிய போர்ல மாத்துனீங்கன்னு வைங்க, அமோனியா பாதியாகும், பிஎச் 8 பக்கம் ஏறுனா விசப் பங்கு நூறு மடங்கு கிட்ட ஆயிரும். சிறுவாணிய ஊத்துனப்ப பிஎச் ஏறல, அதனால சாகல.
வாத்தியார் சொல்றது சரிதான், அந்த மீனுக்கு பிஎச் 8 தான் வேணும். ஆனா அமோனியா காலியானதுக்கப்புறம். இப்ப தெனமும் பத்துல ஒரு பங்கு சிறுவாணி மட்டும் மாத்துங்க, ஜியோலைட் தனியா போடுங்க, கட்டைய வெளிய எடுங்க, ஏர் நல்லா ஓடட்டும். அமோனியா சுத்தமா எறங்குன பெறகு ஆப்பசோடா, 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டா கேஎச் ஒரு டிகிரி ஏறும், ஒரு நாளைக்கு அதுக்கு மேல வேண்டாம். ஃபில்டர்ல சுடாத கிளிஞ்சல் ஒரு பை கட்டிப் போட்டுட்டா அது மெதுவா கரைஞ்சு காப்பாத்தும்.

நெல்லை_கெண்டை:
இப்பதான் எனக்கே வெளங்குது. எங்கூட்டு டேங்க்ல தாமிரபரணித் தண்ணி, நாளைக்கே கேஎச் பாக்கேன்.

மலாவி_வாத்தியார்:
நானும் ஆரம்பத்துலயே நம்பர் போடுன்னு தானே கேட்டேன்.

கடை_வச்சிருக்கேன்:
உப்பு விசயம் எனக்குப் புதுசு சார், நோட் பண்ணிக்கிட்டேன். கிளிஞ்சல் எங்க ஊருல சுண்ணாம்புக் காளவாசல்ல சுடறதுக்கு முன்னாடி கேட்டா குடுப்பாங்க, நல்லா கழுவிட்டுப் போடணும்.

பீளமேடு_பையன்:
அமோனியா கார்டு மஞ்சளுக்கு, ஜீரோவுக்கு, வந்துருச்சுங்ணா. அதுக்கப்புறம் ஒண்ணும் சாகல. கிளிஞ்சல் போட்டாச்சு. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.

சாயப்பட்டறைத்_தண்ணி:
சந்தோசம்ங்க. இப்ப கேஎச் எவ்ளோ நிக்குது? நைட்ரைட்டும் (அமோனியா நைட்ரேட்டா மாறறதுக்கு நடுவுல வர்றது, அதுவும் விசம்) ஒரு தடவ பாத்துட்டு எழுதுங்க, பாக்டீரியா திரும்ப எழும்பறப்ப அது ஏறும்.

அம்முலு_டேங்க்:
அவரு வரக் காணோம். அண்ணா, எங்களுக்கு பில்லூர்த் தண்ணி, அதுக்கும் கிளிஞ்சல் போடணுமா?

சாயப்பட்டறைத்_தண்ணி:
கேஎச் பாத்துட்டு நம்பர் போடுங்க, சொல்றேன்.