புதிய கேரவனில் முதல் பயணம்: சாலையில் ஆட்டம், முகாமில் மின்தடை – ஆலோசனை வேண்டும்

கேள்வி – ஹரோ, இலண்டன்

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால், நானும் என் கணவரும் இந்த வசந்த காலத்தில் ஒரு புதிய கேரவன் வாங்கினோம். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் ஒற்றை அச்சு வண்டி அது. முன்பக்கம் இருக்கைகளும் அடுப்பும், நடுவில் கட்டில், பின்கோடியில் குளியலறை என்று அமைந்திருக்கிறது. தகட்டில் குறித்துள்ள உச்ச எடை 1,400 கிலோ. பொருள் எதுவும் ஏற்றாத எடை 1,250 கிலோ. எங்கள் காரின் எடை 1,700 கிலோ.

முதல் பயணமாக வேல்ஸில் உள்ள பிரெக்கன் மலைப்பகுதிக்குப் போனோம். எம்4 நெடுஞ்சாலையில் ஸ்விண்டனைத் தாண்டியபின் வந்த ஓர் இறக்கத்தில், ஏறக்குறைய 55 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய சுற்றுலாப் பேருந்து எங்களை முந்திச் சென்றது. அது கடந்த மறுகணமே கேரவனின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, காரின் பின்பகுதியையும் சேர்த்து அசைத்தது. என் கணவர் பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். சில நொடிகளில் ஆட்டம் அடங்கிவிட்டது. ஆனாலும் மீதி வழி முழுவதும் பக்கக் கண்ணாடியிலிருந்து எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் கேரவனைப் பின்னோக்கிச் செலுத்துவது பெரும்பாடாகிவிட்டது. நான் பின்னால் நின்று கைகாட்டியது அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. மாலையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் போட்டவுடன் மின்சாரம் நின்றுவிட்டது. வெளியிலுள்ள மின்கம்பத்தில் அதை மீட்டுத் தர, மழையில் வார்டனைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, மறுநாள் காலை கட்டிலில் அமர்ந்தபடியே பென் அ வான் சிகரத்தின் மேலிருந்து மேகம் விலகுவதைப் பார்த்தபோது, இந்த வண்டியை வாங்கியது சரியான முடிவு என்றே இருவருக்கும் தோன்றியது. ஆகவே இதைப் பழகிக்கொள்ள உண்மையாகவே விரும்புகிறோம். ஆட்டத்தைக் குறைக்கத் தனியாக ஏதேனும் கருவி வாங்க வேண்டுமா? ரிமோட் மூலம் கேரவனை நகர்த்தும் மோட்டார் மூவர் பொருத்துவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் – லெஸ்டர்

தங்கைக்கு வணக்கம். உங்கள் கணவர் அந்த நேரத்தில் செய்தது மிகச் சரியானது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆடும்போது பிரேக்கை ஓங்கி அழுத்துவதும், வேகத்தைக் கூட்டி அதை நேராக்கப் பார்ப்பதும், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் ஆட்டத்தைப் பெருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் எடையைப் பாருங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. நீங்கள் கொடுத்த கணக்கின்படி உச்ச எடை காரின் எடையில் சுமார் 82 விழுக்காடு வருகிறது. புதியவர்கள் 85 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்று இங்குள்ள கேரவன் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அந்த வகையில் உங்கள் காரும் கேரவனும் நன்றாகப் பொருந்துகின்றன. எனவே பொருள்களை எங்கே வைத்தீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

கேரவனின் முன்முனை, காரின் பின்னால் பொருத்தியுள்ள இழுவைக் கம்பியான டோபாரை எவ்வளவு எடையுடன் கீழ்நோக்கி அழுத்துகிறது என்பதையே இங்கே நோஸ்வெயிட் என்கிறார்கள். பொதுவாக, பொருள் ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை அது இருக்க வேண்டும்; உங்கள் வண்டிக்கு அது 70 முதல் 98 கிலோ. ஆனால் காரின் கையேட்டிலும் டோபாரிலும், அதில் பூட்டும் கேரவனின் முன்முனைக் கொக்கியான ஹிட்சிலும் தனித்தனி வரம்பு குறித்திருப்பார்கள். அவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கேரவன் அச்சின் மேல் துலாக்கோல்போல நிற்கிறது: பின்கோடியில் கனமான பொருளை வைத்தால் முன்முனை மேலெழும்பி, டோபாரின் மேலுள்ள பிடிமானம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியைத்தான் பேருந்து தள்ளிவிடும் காற்று முதலில் அசைக்கும். இறக்கத்தில் பின்னாலிருந்து காரைத் தள்ளும் விசையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பின்பக்கம் குளியலறை உள்ள வண்டிகளில், தரை காலியாக இருக்கிறதே என்று அங்கே மூட்டைகளை வைத்துவிடுவது மிகவும் இயல்பாக நடக்கிறது.

அளப்பது எளிது. பயணத்துக்கு ஏற்றும் எல்லாப் பொருள்களுடனும் கேரவனைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வையுங்கள். வீட்டில் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, டோபாரின் உயரத்துக்கு ஹிட்ச் வருமாறு பார்த்துக்கொண்டு, கேரவனின் முன்னால் உள்ள சிறு தாங்குசக்கரமான ஜாக்கி வீலை மெதுவாக மேலேற்றி அந்தக் கட்டையின் மேல் ஹிட்சை அமர்த்தினால், தராசு காட்டுவதே உங்கள் நோஸ்வெயிட். கனமானவை எல்லாம் அச்சுக்கு நேர்மேலும் சற்று முன்பாகவும் தரையோடு இருக்க வேண்டும். மேல் அலமாரிகளில் துணியும் ரொட்டியும் போதும்.

இன்னொரு செய்தி. 1,400 கிலோவுக்கும் 1,250 கிலோவுக்கும் இடையிலுள்ள 150 கிலோதான் உங்கள் உடைமைகள் அனைத்துக்குமான இடம். பேட்டரி, எரிவாயு உருளை, கூடாரம், தண்ணீர் உருளை, பாத்திரம், படுக்கை என்று அது நாம் நினைப்பதைவிட விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. மோட்டார் மூவர் மட்டுமே சுமார் 30 கிலோ வரும். தண்ணீர் உருளையில் 40 லிட்டர் பிடிக்கும் என்றால் 40 கிலோ என்று பொருள். ஆகவே அதைக் காலியாகவே கொண்டுபோங்கள். ஒருமுறை பொதுத் தராசில் கேரவனை நிறுத்தி நிறை பார்த்துவிடுங்கள்.

வேக வரம்பும் நினைவிருக்கட்டும். கேரவன் இழுக்கும்போது நெடுஞ்சாலையிலும், நடுவில் பிரிப்புள்ள இரட்டைப் பாதையிலும் 60 மைல், பிரிப்பில்லாத ஒற்றைப் பாதையில் 50 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் வலக்கோடித் தடத்தைப் பயன்படுத்தக் கூடாது. காரைவிட அகலமான கேரவனாக இருந்தால், நீட்டிய பக்கக் கண்ணாடிகள் கட்டாயம்.

பதில் – குரோய்டன்

அண்ணா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பின்னோக்கிச் செலுத்துவது, மின்தடை ஆகிய மற்ற இரண்டையும் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அவை இரண்டும்தான் வாக்குவாதத்தைக் கிளப்பின.

பின்னோக்கிச் செலுத்தும்போது வழிகாட்டுபவர் கேரவனுக்கு நேர்பின்னால் நிற்கவே கூடாது. ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கைபேசிகளையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே செய்வது இன்னும் நல்லது. "இடம்", "வலம்" என்று சொல்வதைவிட, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை "மரத்தின் பக்கம்", "வேலியின் பக்கம்" என்று சொன்னால் குழப்பம் இல்லை. "நில்" என்ற சொல்லுக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் உடனே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ, கேரவனின் பின்பக்கம் அந்தப் பக்கமே போகும். இது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

2021 டிசம்பர் 16 முதல், 1997க்குப் பிறகு கார் உரிமம் பெற்றவர்களும் தனித் தேர்வு எழுதாமலே 3,500 கிலோ வரையிலான இழுவண்டியை இழுக்கலாம் என்று பிரிட்டனில் சட்டம் மாறிவிட்டது. அதனால் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. 1907இல் தொடங்கிய கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் போன்றவை பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. நீங்கள் இருவருமே சேருங்கள். கணவருக்கு வழியில் உடம்பு முடியாமல் போனால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர நீங்களும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் கைகாட்டுவதோடு நின்றுவிட வேண்டும் என்று நம்மவர்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். முகாமின் இணைப்பு 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட் வரைதான் கிடைக்கும். ஹீட்டர் 1,800, வீட்டுக் கெட்டில் 2,200, ரைஸ் குக்கர் 700 என்று கூட்டிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். 1,000 வாட்டுக்குள் உள்ள சிறிய கெட்டில் ஒன்று வாங்குங்கள். சமைக்கும் நேரத்தில் ஹீட்டரை எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள். குளிர்காலத்திலும் போவதாக இருந்தால் சிவப்பு உருளையில் வரும் புரொப்பேன்தான் வேண்டும். நீல உருளையிலுள்ள பியூட்டேன் உறைநிலைக் குளிரில் வாயுவாக மாறாது.

நம் சமையலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோறு வடித்து, ரசம் கொதிக்க வைத்தால், அந்தச் சிறிய இடத்தில் நீராவி சன்னல் முழுவதும் முத்து முத்தாகப் படிந்து, இரவில் மெத்தையின் அடியில் ஈரமாக இறங்கிவிடும். கூரைச் சாளரத்தைத் திறந்துவைத்துச் சமையுங்கள்; சமைத்ததும் சன்னலைத் துடைத்துவிடுங்கள். குளிர்கிறது என்று தரையிலும் கூரையிலும் உள்ள நிலையான காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரி அடுப்பை, அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும், கூடாரத்துக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. உயிர் போகும் விஷயம் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி – ஹரோ, இலண்டன்

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை தராசும் மரக்கட்டையும் வைத்து அளந்தோம். முதல் பயணத்துக்கு ஏற்றியபடியே எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில் நோஸ்வெயிட் 48 கிலோதான் காட்டியது. கூடாரமும், அரிசிப் பையும், இரும்புத் தோசைக்கல்லும், கிரைண்டரும் குளியலறைத் தரையில் இருந்தன. அவற்றைக் கட்டிலுக்கு அடியில் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு அளந்தபோது 82 கிலோ வந்தது. எங்கள் காரின் வரம்பு 85. மாவை வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் எடுத்துப் போவதென முடிவு செய்துவிட்டோம். பிறகு எம்40 நெடுஞ்சாலையில் ஆக்ஸ்போர்டு வரை போய்வந்தோம். பேருந்துகள் கடந்தபோது மெல்லிய அசைவு இருந்தது, ஆட்டம் இல்லை. மோட்டார் மூவரை இப்போதைக்கு வாங்கவில்லை. பயிற்சி வகுப்பில் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். ஒன்று மட்டும் புரியவில்லை: மெதுவாகத் திரும்பும்போது ஹிட்சிலிருந்து கதவுக் கீல் முனகுவது போன்ற சத்தம் வருகிறது. எண்ணெய் போடலாமா?

பதில் – கார்டிஃப்

எண்ணெயோ கிரீஸோ வேண்டவே வேண்டாம், தங்கச்சி. உங்களுடையது ஆல்-கோ நிறுவனத்தின், ஆட்டத்தை அடக்கும் வகை ஹிட்சாக இருந்தால், அதன் உள்ளே டோபாரின் முனையிலுள்ள உருண்டையை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் உராய்வுப் பட்டைகள் இருக்கின்றன. அவை உருண்டையை உலர்ந்த நிலையில் பற்றிக்கொள்வதால்தான் ஆட்டம் அடங்குகிறது. கிரீஸ் பட்டால் அந்தப் பிடி போய்விடும், பட்டைகளையே மாற்ற வேண்டிவரும். புதிய டோபாரின் உருண்டையில் கறுப்புப் பூச்சு இருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். பட்டைகளிலும் அந்தப் பூச்சு ஒட்டியிருந்தால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம்.

பூட்டியபின், ஜாக்கி வீலைச் சில சுற்று கீழே இறக்கி, காரின் பின்பக்கம் ஹிட்சோடு சேர்ந்து மேலே எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. பிறகு வீலை முழுவதும் மேலேற்றி இறுக்குங்கள். கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பியை, டோபாரில் அதற்கென உள்ள வளையத்தில் மாட்டுங்கள். புதிய வண்டியானதால், முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு சக்கரத் திருகுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபார்ப்பதும் அவசியம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு கையேட்டில் இருக்கும், இரும்புச் சக்கரத்துக்கும் அலாய் சக்கரத்துக்கும் அது வேறுபடும்.

முதல் ஆண்டில் தென்படும் சிறு குறைகளை, இழுபடாத இழுப்பறை முதல் கசியும் குழாய் வரை, தேதியுடன் எழுதிப் படமும் எடுத்து விற்றவரிடம் உடனுக்குடன் அனுப்பிவிடுங்கள். தண்ணீர் கசிவுக்கான நீண்டகால உத்தரவாதத்தைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் சர்வீஸும் ஈரப்பதச் சோதனையும் செய்திருந்தால்தான் ஏற்பார்கள். குறித்த காலத்துக்குள் அவற்றை முடித்துக் கையேட்டில் முத்திரை வாங்கிவையுங்கள். அடுத்த வசந்தத்துக்கான தேதியை இப்போதே கேட்டுவிடுங்கள், மார்ச் மாதத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.