12.6 டிகிரி அட்சரேகையில் 10 இன்ச் நியூட்டோனியன், ஈக்யூ6 மவுண்ட்: வெயிட் காலில் இடிக்கிறது, மோட்டார் திணறுகிறது

ஜவ்வாதுவாசி:

வணக்கம். கையில் இருப்பது 10 இன்ச் நியூட்டோனியன் (ஆடி வைத்த டெலஸ்கோப்), குவியத்தூரம் 1200 மி.மீ. மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் தலை) ஈக்யூ6 வகை, கோ-டு (சொன்ன இலக்குக்குத் தானே திரும்பும் வசதி) உண்டு. வளையம், தகடு (டியூபை மவுண்டில் பூட்டும் பட்டை), ஃபைண்டர், கேமரா எல்லாம் மாட்டி நிறுத்தால் 18 கிலோ. எதிர் எடைக்கு 5 கிலோ வெயிட் மூன்று. அவை பாரின் நுனிக்குப் போனால்தான் பேலன்ஸ் ஆகிறது. வைக்கும் இடம் ஏலகிரிப் பக்கம், அட்சரேகை 12.6 டிகிரி.

சிக்கல் மூன்று. ஹோம் பொசிஷனிலும் (பார் கீழே தொங்க, டியூப் துருவத்தை நோக்கி நிற்கும் தொடக்க நிலை), கிழக்கே தாழ்வாக இருப்பதைப் பார்க்கும்போதும் கடைசி வெயிட் டிரைபாடின் வடக்குக் காலில் இடிக்கிறது. வேகமாகத் திருப்பும்போது மோட்டார் உறுமி நின்றுவிடுகிறது, அதோடு அலைன்மென்ட் (டியூப் வானில் எங்கே பார்க்கிறது என்று மவுண்ட் வைத்திருக்கும் கணக்கு) போய்விடுகிறது (12 வோல்ட் கார் பேட்டரி, 10 மீட்டர் வயர், 0.75 சதுர மி.மீ.). மூன்றாவது, துருவ நட்சத்திரம் மரத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் இருக்கிறது, பல நாள் கண்ணுக்கே படுவதில்லை. கோள்களைப் படமெடுப்பதுதான் முதல் நோக்கம், பிறகு நெபுலாக்கள். எதை முதலில் சரிசெய்வது?

தென்முனை:

முதலில் இடிப்பதைப் பார்ப்போம். மவுண்டில் குறை ஒன்றும் இல்லை. நம் அட்சரேகை அப்படி. துருவ அச்சு (வான துருவத்தை நோக்கி வைக்கும் சுழல் அச்சு, ஆர்.ஏ. அச்சு என்பதும் இதுவே) தரையிலிருந்து 12.6 டிகிரிதான் எழுந்திருக்கிறது, அதற்குச் செங்குத்தான வெயிட் பார் தொங்கும்போது நேர் கீழிலிருந்து வடக்கே அதே 12.6 டிகிரிதான் சாயும். ஐரோப்பாவில் 50 டிகிரியில் இருப்பவருக்குப் பார் 50 டிகிரி சாய்ந்து காலை விட்டு வெகுதூரம் விலகிவிடும். இந்த மவுண்ட்கள் பெரும்பாலும் அந்த ஊர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. டிரைபாடின் கால் நம் பாரைவிட அதிகமாக வெளியே சாய்ந்து இறங்குவதால், கீழே போகப்போக இரண்டும் நெருங்கும். அதனால்தான் நுனி வெயிட் மட்டும் முட்டுகிறது.

ஆகவே முதல் மருந்து நான்காவது 5 கிலோ வெயிட். டியூபின் எடை மையம் ஆர்.ஏ. அச்சிலிருந்து சுமார் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 × 38 = 684. இதை 15 கிலோவால் சமன் செய்ய வெயிட்களின் மையம் 45.6 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும், 20 கிலோ என்றால் 34.2 செ.மீ. போதும். (பாரின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை.) வெயிட்களின் மையம் 11 செ.மீ. மேலே வருகிறது, காலுக்கு இடைவெளி கூடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. சுழற்சித் தடை தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வெயிட் பக்கத்தின் பங்கு ஏறக்குறைய கால்வாசி குறையும். மோட்டார் டியூபைக் கிளப்பவும் நிறுத்தவும் அவ்வளவு குறைவாகப் பாடுபட்டால் போதும், காற்றில் வரும் ஆட்டமும் சீக்கிரம் அடங்கும். மொத்தச் சுமை 5 கிலோ ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம். மவுண்டுக்குச் சொல்லப்படும் தாங்குதிறன் வழக்கமாக டெலஸ்கோப் பக்கத்துக்கு மட்டும்தான், எதிர் எடை அதில் சேராது.

அப்போதும் முட்டினால் இரண்டு வழி. டிரைபாடைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வைத்தால் பார் மற்ற இரு கால்களுக்கு நடுவே இறங்கும். சில டிரைபாடுகளில் திசை திருத்தும் குமிழ் முட்டுகிற முளையை எதிர்ப்பக்கம் மாற்றத் துளை இருக்கும். இல்லாவிட்டால் லேத் பட்டறையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் அட்சரேகையில் மவுண்டின் தலை, டியூப், வெயிட் எல்லாமே டிரைபாடின் மையத்துக்கு வடக்கே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வடக்கே ஒரு கால் இருந்தால் அதன் முழு நீளம் தாங்கும். தெற்கே திருப்பிவிட்டால் வடக்கு நோக்கிக் கவிழ்வதற்கு எதிரான பிடி பாதியாகிவிடும். 18 கிலோ டியூபுக்கு இது விளையாட்டல்ல. எனவே என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: வடக்குக் கால் வடக்கிலேயே இருக்கட்டும், டிரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்று போடுங்கள். ஐபீஸ் அந்த அளவுக்கு உயரும். அதற்கு ஈடாகக் கால்களை நீட்டாமல் முழுக்க உள்ளே தள்ளியே வையுங்கள், எப்படியும் அதுதான் உறுதி.

காவலூரில் உள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பும் இதே அட்சரேகைதான், 2.3 மீட்டர் ஆடி, 1986-இல் திறக்கப்பட்டது. அங்கே துருவ அச்சை ஒரு பக்கம் மட்டும் தாங்காமல், வடக்கே குதிரை லாட வடிவத் தாங்கி, தெற்கே இன்னொரு தாங்கி என்று இரு முனையிலும் பிடித்திருக்கிறார்கள். தாழ்ந்த அட்சரேகைக்கு அதுவே பொருத்தமான அமைப்பு. நம்முடையது ஒரு பக்கம் மட்டும் பிடித்த அச்சு, அதனால்தான் இத்தனை கவனம்.

வோல்ட்மீட்டர்:

மோட்டார் உறுமுவதற்குக் காரணம் உங்கள் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது. 10 மீட்டர் வயர் என்றால் போக வர 20 மீட்டர் செம்பு. 0.75 சதுர மி.மீ.க்கு அதன் தடை சுமார் 0.47 ஓம். இரண்டு மோட்டாரும் சேர்ந்து வேகமாகத் திரும்பும்போது 3 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 1.4 வோல்ட் போய்விடும். பாதி தீர்ந்த பேட்டரியில் 12.2 வோல்ட் இருந்தால் மவுண்டுக்குப் போய்ச் சேருவது 10.8. இந்த வகை மவுண்ட்கள் 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் தடுமாறும். ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறினாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது, திரும்பிவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். அலைன்மென்ட் போவது அதனால்தான்.

பேட்டரியை டிரைபாடுக்குக் கீழேயே வையுங்கள். 2 மீட்டர் வயர், 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் அடங்கும். சிகரெட் லைட்டர் பிளக்கை நம்பாதீர்கள், திரும்பும்போது அது அசைந்து ஒரு நொடி விட்டாலும் மவுண்ட் ரீசெட் ஆகும். நேரடியாகக் கிளிப்பும் 5 ஆம்பியர் ஃபியூஸும் நல்லது. சந்தேகம் இருந்தால், மவுண்ட் பக்க முனையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு அச்சையும் அதிவேகத்தில் திருப்பி, எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்து பேலன்ஸ். மூடியைக் கழற்றி, கேமராவோ ஐபீஸோ எது பயன்படுமோ அதை மாட்டி, ஃபோகஸ் ஆகும் இடத்துக்கு ஃபோகசரை நீட்டிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஆர்.ஏ. அச்சில் பாரைக் கிடையாக்கிப் பூட்டிவிட்டு, டெக் (ஆர்.ஏ.வுக்குச் செங்குத்தான மற்ற அச்சு) கிளட்ச்சைத் தளர்த்தி டியூபைக் கிடையாக வையுங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ இறங்கினால் தகட்டை நகர்த்துங்கள். நியூட்டோனியனில் பலரும் விட்டுவிடுவது இதற்கு அடுத்த சோதனையைத்தான்: அதே டியூபை நேராக வானத்தைப் பார்த்து நிறுத்தி விடுங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தால் ஃபோகசர், கேமரா, ஃபைண்டர் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன என்று பொருள். தகட்டை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது. வளையங்களுக்குள் டியூபைச் சுழற்றி ஃபோகசரைத் தகட்டின் நேரிலோ, தகட்டுக்கு நேர் எதிரிலோ கொண்டுவாருங்கள். மீதி இருந்தால் எதிர்ப்பக்கம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று சிறு எடை கட்டுங்கள். கடைசியாக வெயிட்டை நகர்த்தி ஆர்.ஏ. பேலன்ஸ். படமெடுக்கும்போது கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக இருக்கட்டும். வார்ம் கியரின் பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும், இடைவெளியில் முன்னும் பின்னும் ஆடாது. மெரிடியன் (தலைக்கு மேல் வடக்கு தெற்காகப் போகும் கோடு) தாண்டி டியூபைப் புரட்டிய பிறகு கிழக்குப் பக்கம் மாறிவிடும் என்பதால் வெயிட்டையும் சற்று நகர்த்த வேண்டிவரும்.

ஜவ்வாதுவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. வெயிட், வயர் இரண்டும் மாற்றிவிடுகிறேன். துருவம் தெரியாத இடத்தில் போலார் அலைன்மென்ட் (துருவ அச்சை வான துருவத்துக்கு நேராக்குவது) எப்படி? கோள்களுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

மகம்10:

கோள்களுக்குப் பெரிய துல்லியம் தேவையில்லை. துருவ அச்சு 1 ஆர்க் நிமிடம் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு, அதில் 60-இல் ஒரு பங்கு ஆர்க் விநாடி) விலகியிருந்தால் நட்சத்திரம் வடக்கு தெற்காக 4 நிமிடத்தில் அதிகபட்சம் 1 ஆர்க் விநாடி நகரும். 10 ஆர்க் நிமிடப் பிழை என்றால் நிமிடத்துக்கு 2.6 ஆர்க் விநாடி. 2 நிமிட வீடியோவில் வியாழன் 5 ஆர்க் விநாடி நகர்ந்தால் அடுக்கும் மென்பொருளே சரிசெய்துகொள்ளும். நெபுலா அப்படியல்ல. 3.76 மைக்ரான் பிக்சல் கேமராவில் உங்கள் 1200 மி.மீ.க்கு ஒரு பிக்சல் 0.65 ஆர்க் விநாடி, அதே பிழை நிமிடத்துக்கு 4 பிக்சல் கோடு போடும். அதற்கு 1, 2 ஆர்க் நிமிடத்துக்குள் வர வேண்டும்.

முதலில் தோராயம். திசைகாட்டி போதும், தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 1, 2 டிகிரிதான். ஆனால் இரும்பு டிரைபாடுக்கும் வெயிட்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். நாலைந்து மீட்டர் தெற்கே தள்ளி நின்று, வடக்கே ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொண்டு அச்சை அதற்குத் திருப்புங்கள். உயரத்துக்கு ஹோம் பொசிஷனில் டியூபின் தகட்டின் மேல் டிஜிட்டல் கோணமானியை வைத்து 12.6 வரும்வரை திருத்துங்கள்.

பிறகு டிரிஃப்ட் (நட்சத்திரம் நகர்வதைப் பார்த்து அச்சைத் திருத்தும் முறை). குறுக்குக்கம்பி ஐபீஸ், 150 மடங்குக்கு மேல், மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கிழக்கு மேற்கு நகர்வைக் கணக்கில் எடுக்காதீர்கள், வடக்கு தெற்கு மட்டும். ஐபீஸில் எது தெற்கு என்று தெரிய, டியூபின் முனையைத் துருவத்தின் பக்கம் லேசாக அழுத்துங்கள், நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தெற்கு. ஜனவரி இரவு என்றால் ஓரியன் இடைப்பட்டையில் மேற்கோர நட்சத்திரமான மிண்டாகா ஏறக்குறைய வான நடுக்கோட்டிலேயே இருக்கிறது. அது உச்சியைக் கடக்கும் நேரத்தில் பாருங்கள்: தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அதே நேரம் கிழக்கில் மக நட்சத்திரம் ஏறக்குறைய 23 டிகிரி உயரத்தில் இருக்கும். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயர்வு. 5 நிமிடம் நகராமல் நின்றால் நெபுலாவுக்கும் போதும். லேப்டாப் இருந்தால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி அலைன்மென்ட் இன்னும் வேகம், வானத்தில் எந்தத் திறந்த பகுதியிலும் செய்யலாம், துருவம் தெரியவே வேண்டாம்.

துருவ நட்சத்திரம் தெரிகிற நாளிலும் ஒன்று நினைவிருக்கட்டும். இவ்வளவு தாழ்வில் காற்றின் ஒளிவிலகல் அதை 4 ஆர்க் நிமிடத்துக்குச் சற்று மேல் தூக்கிக் காட்டும். போலார் ஸ்கோப்பில் (துருவ அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கி) வட்டத்தில் சரியாக வைத்தாலும் அந்த அளவு பிழை உள்ளே இருக்கும். கோள்களுக்குப் பரவாயில்லை, நீண்ட எக்ஸ்போஷருக்கு டிரிஃப்டில் சரிபார்ப்பது நல்லது.

தென்முனை:

மகம்10 சொன்னதோடு ஒரு சேர்க்கை. உயரம் திருத்தும் போல்ட் இரண்டில் ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை முறுக்குங்கள். இரண்டும் இறுகியிருக்கும்போது முறுக்கினால் போல்ட் வளைந்துவிடும், ஈக்யூ6 வகையில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரிய திருத்தம் முழுவதையும் டியூப் ஏற்றும் முன்பே முடித்து, ஏற்றிய பின் அரை டிகிரிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் திருப்பு எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் எடை அச்சைக் கீழே அமர்த்திவிடும்.

ஏற்றும் வரிசை: டிரைபாட், மவுண்ட், பார், வெயிட், கடைசியில் டியூப். இறக்கும்போது டியூப் முதலில். பார் நேர் கீழே, இரு கிளட்ச்சும் இறுக்கம். டியூபை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்க மற்றவர் தகட்டின் இரண்டு திருகையும் முறுக்க வேண்டும். 10 இன்சுக்கு 75 மி.மீ. அகலத் தகடுதான், குறுகிய தகட்டில் டியூப் முறுக்கிக்கொள்ளும். தகட்டின் முன்முனையில் ஒரு தடுப்புத் திருகும், பாரின் நுனியில் வெயிட் நழுவாமல் தடுக்கும் திருகும் ஒவ்வொரு முறையும் போட்டாக வேண்டும். இருட்டில் கைக்குமிழ் இறுகியதா என்று தெரியாது, 5 கிலோ இரும்பு பாதத்தில்தான் வந்து விழும்.