பொருள்: மறுமொழி: ‘ஒருங்கிணைப்பு இணைப்புச்சொல்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கணத்தில் ‘கோஆர்டினேட்டிங் கன்ஜங்ஷன்’ எனப்படும் அண்ட், பட், ஆர் போன்ற சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ஏற்கெனவே புழங்கும் ‘ஒருங்கிணைப்பு இணைப்புச்சொல்’ இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, புழங்குகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒருங்கிணைப்பு என்றதும் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருபவர் ஒருங்கிணைப்பாளர்: முகாமுக்கு ஆள் சேர்ப்பவர், வேலை பிரித்துக் கொடுப்பவர். அண்ட், பட், ஆர் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு இணைப்பு என்பது ஒரே பெயரில் இரண்டு தடவை. கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

பெயர் எதைச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழையும் முதலெழுத்துச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் இந்த ஏழும் ஏன் ஒரு குடும்பம் என்று கேட்டால் வகுப்பே அமைதி. இவற்றின் இரு பக்கமும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சொல்லுக்குச் சொல், தொடருக்குத் தொடர். ‘ஐ லைக் ரீடிங் அண்ட் டு ஸ்விம்’ இடிப்பது அதனால்தான். ‘ரீடிங் அண்ட் ஸ்விம்மிங்’ என்றால் சரியாகிவிடும்.

இரு பக்கமும் முழு வாக்கியமாக இருக்கும்போதுதான் பாடு. ‘த பஸ் கேம் லேட், பட் வி ரீச்ட் ஒகேனக்கல் பிஃபோர் நூன்.’ இதில் ‘பட்’டை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள், இரண்டும் தன் காலில் நிற்கும். அதனால் பட்டுக்கு முன்னால் காற்புள்ளி. ‘த பஸ் கேம் லேட் பட் லெஃப்ட் ஆன் டைம்’ என்றால் பின்பாதிக்கு எழுவாய் தனியாக இல்லை, காற்புள்ளி தேவையில்லை. பட் வந்தாலே காற்புள்ளி என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கழற்றுவதற்குள் பாதி ஆண்டு போய்விடுகிறது.

அதே வாக்கியத்தை ‘ஆல்தோ’ போட்டுத் தொடங்கச் சொன்னால் பத்துக்கு எட்டுப் பேர் நடுவில் ‘பட்’டையும் விடாமல் எழுதுவார்கள்: ‘ஆல்தோ த பஸ் கேம் லேட், பட் வி ரீச்ட்...’ இதைக் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. ‘பஸ் தாமதமாக வந்தாலும்’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஆலும்’ முதல் தொடரின் கடைசியில், அதாவது இரண்டு தொடரும் சேரும் இடத்திலேயே உட்காருகிறது. ஆங்கிலத்தில் ஆல்தோ தலைக்குப் போய்விடுவதால் சேரும் இடம் காலியாகத் தெரிகிறது. தமிழ்க் காதுக்கு அங்கே ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். உடனே பட். பட் சமமாகச் சேர்ப்பது, ஆல்தோ ஒன்றை இன்னொன்றின் கீழே வைப்பது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட முடியாது என்பது பெயரிலேயே தெரிந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

> தமிழில் ‘உம்’ இருக்கிறதே. இணைப்பிடைச்சொல் என்றால் நம் மரபுப்படி முடிந்தது.

அம்மா, உம்மைக்குத் தொல்காப்பியம் இடையியலில் எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறது. எண்ணும்மை, அதாவது பலவற்றை அடுக்கிச் சொல்லும் உம், அதில் ஒன்று. ‘ராகியும் சாமையும்’ என்று ஒவ்வொன்றோடும் ஒட்டி வரும், நடுவில் தனியாக நிற்காது. முற்றுவினையில் முடியும் இரண்டு வாக்கியத்தையும் அது சேர்க்காது. ‘பாலக்கோடு போய், தக்காளி விற்று, வீடு வந்தேன்’ என்று எச்சமாகக் கோத்துக்கொண்டு போவதுதான் நம் வழி. (அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் மூன்று முழு வாக்கியத்தை வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறார்கள், அது வேறு தலைவலி.)

நாம் இணைப்புச்சொல் என்று காட்டுகிறவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘ஆனால்’ அமைப்பில் நிபந்தனை எச்சம், ‘மழையானால்’ என்பதில் இருக்கும் அதே ஆனால். ‘ஆகவே’, ‘எனவே’ இரண்டும் எச்சத்தோடு ஏகாரம் சேர்ந்தவை. ‘அல்லது’ எதிர்மறையிலிருந்து வந்தது. ஆக, ஆங்கிலத்தில் தனி வகுப்பாக நிற்பது நம்மிடம் உறைந்துபோன வினைகளாக இருக்கிறது. நான் பெயர் தேடுவது ஆங்கில இலக்கணத்தின் ஒரு வகுப்புக்கு. இடைச்சொல் என்று முத்திரை குத்தினால் ‘அப்படியானால் பட்டும் நம் உம் மாதிரிதானா சார்?’ என்ற கேள்வி வரும். வந்திருக்கிறது.

ஓசூரிலிருந்து எழுதும் ஆசிரியை அம்மா சொன்னதை இங்கே சேர்க்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் நிறைய. கன்னடத்து ‘மத்து’வும் தெலுங்கு ‘மரியு’வும் அண்ட் போலவே நடுவில் நிற்பவை என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு அண்ட் பிடிபடுகிறது, மற்ற ஆறும் அப்படி இல்லை என்கிறார். ‘மற்றும்’ போட்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான் என்பது என் எண்ணம்.

இனி வந்த பரிந்துரைகள்.

‘நிகர்தொடுப்பு’: அழகான சொல், ஆனால் தொடுப்பு என்று ப்ளஸ் ஒன் வகுப்பில் சொல்லிவிட்டு நீங்கள் நேராக நின்றுபாருங்கள். கடைசி பெஞ்சு அன்றைக்கு அடங்காது.

‘நிகரிணை’: நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மெய்நிகர் என்றெல்லாம் புழங்கி, நிகர் என்றால் ‘அது போல, ஆனால் அதுவே அல்ல’ என்ற சாயல் ஏறிவிட்டது. நமக்கு வேண்டியது அசல் சமம்.

‘இணைநிலைச் சொல்’: இணை இயக்குநர் இயக்குநருக்குக் கீழேதான் இருக்கிறார்.

என் முன்மொழிவு ‘சம இணைப்பி’. எதிரே, ஆல்தோ போன்றவற்றுக்குச் ‘சார்பு இணைப்பி’. இணைப்பி என்பது கணினி, மின்கருவிப் பக்கம் ஏற்கெனவே புழங்குவதால் காதுக்குப் புதிதில்லை. சம இணைப்பு, சம இணைப்புத் தொடர் என்று நீட்டவும் வரும். ‘சம’ வடசொல் ஆயிற்றே என்று ஐயா கேட்பார், தெரியும். ‘ஒப்பிணைப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். ஒப்பு என்றால் பிள்ளைகள் ஒப்பிடுவதற்குப் போய்விடுகிறார்கள், ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. சமன்பாடு, சமபக்கம் என்று கணக்கு வகுப்பில் தினமும் சொல்லும் சொல்லை இங்கே மட்டும் விலக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏழில் இரண்டுக்கு அடிக்குறிப்பு வேண்டும். ஃபார் ‘ஏனென்றால்’ என்ற பொருளில் இன்று எழுத்தில்தான் வருகிறது, பேச்சில் அரிது. நார் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும்: ‘ஹி டஸ் நாட் ஸ்மோக், நார் டஸ் ஹி ட்ரிங்க்.’ ஸோவுக்கும் ஒன்று சேர்க்கலாம், ‘ஸோ தட்’ என்றால் சார்பு இணைப்பி ஆகிவிடும் என்று.

அப்புறம் ஹவ்எவர், தேர்ஃபோர். இவை பொருளில் பட், ஸோ மாதிரி தோன்றினாலும் இலக்கணப்படி வினையடைகள். காற்புள்ளி மட்டும் வைத்து இவற்றால் இரண்டு வாக்கியத்தைச் சேர்க்க முடியாது, அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். ‘இணைப்பு வினையடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இணைப்பு என்ற சொல்லே அதில் வரக் கூடாது என்பது என் கட்சி. ‘தொடர்பு வினையடை’ சரிப்படுமா? ஓசூர் அம்மா அடுத்த பயிற்சித் தாளில் சம இணைப்பி, சார்பு இணைப்பி, தொடர்பு வினையடை என்ற மூன்று பெயரையும் போட்டுப் பார்த்து, பிள்ளைகள் எதில் தடுக்குகிறார்கள் என்று எழுதினால் நல்லது.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து