"அசையாமல் படு" என்றார்கள்: அழற்சி வாதமும் பிசியோதெரபியும், நம் அனுபவங்கள்

எனக்கு 24 வயதில் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு தூக்கம் கலையும். எழுந்து நடந்தால்தான் தளரும். வீட்டில் எல்லோரும் "அசையாம படு" என்றார்கள். படுக்கப் படுக்க இறுக்கம்தான் கூடியது. முதுகுத்தண்டு டிஸ்க் விலகல் என்று சொல்லி பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் எல்லாம் ஆனது. நான்கு வருடம் கழித்து ஒரு வாதநோய் டாக்டர்தான் "படுத்தா வலி குறையுதா, நடந்தா குறையுதா?" என்று கேட்டார். எம்ஆர்ஐ ஸ்கேனும், எச்எல்ஏ பி27 என்ற மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்ததில் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்: முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து, நாளடைவில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக்கூடிய நோய்.

அவர் அனுப்பிவைத்த பிசியோதெரபிஸ்ட் அக்கா முதல் நாள் எந்த மெஷினும் வைக்கவில்லை. அளவெடுக்கும் இன்ச் டேப்பை எடுத்தார். கீழ்முதுகில் பேனாவால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டுக் குனியச் சொன்னார். குனியும்போது அந்த இடைவெளி 15 வரை நீள வேண்டுமாம். எனக்கு 12. மூச்சை முழுக்க விட்டு, பிறகு இழுத்தபோது மார்பு இரண்டு செ.மீ. கூட விரியவில்லை. விலா எலும்பு முதுகோடு சேரும் மூட்டுகளிலும் அழற்சி இருப்பதால் அப்படி என்றார். சுவரில் குதிகாலை ஒட்டி நின்றேன், பின்தலை சுவரைத் தொடவில்லை. "எலும்பு ஒட்டிக்கிட்டாலும் நிமிர்ந்தபடி ஒட்டணும் தம்பி, கூனி ஒட்டிரக் கூடாது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவர் சொல்லிக்கொடுத்தவை: தினமும் 15 நிமிடம் குப்புறப் படுப்பது, மெல்லிய தலையணை, வெந்நீரில் குளித்த கையோடு மூச்சுப் பயிற்சி. ஆறு மாதத்தில் மார்பு மூன்றரை செ.மீ. விரிந்தது. அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி தொடங்கி வலி குறைந்ததும் பயிற்சியை விட்டேன். இரண்டே மாதத்தில் தலை மறுபடி சுவரைவிட்டு விலகியது. இப்போது 31 வயது, ஒரு நாளும் விடுவதில்லை.

(இன்னொருவர்) தம்பி, எனக்கு முடக்குவாதம், அதாவது கை, கால் மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், 11 வருடம். உங்களுக்கு நேர்மாறாக நடந்தது. மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருந்த நாளில், பயிற்சி என்று ஒருவர் அழுத்தி மடக்கினார். ஒரு வாரம் சோற்றைப் பிசைய முடியவில்லை. பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட், வீங்கிய மூட்டை மெதுவாக அசைத்தால் போதும், வலுவேற்றுவது வீக்கம் வடிந்த பிறகுதான் என்றார். பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் தாண்டியும் வலி கூடுதலாக இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். விரல்களுக்கு மெழுகு ஒத்தடம், இரவில் மூட்டை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளின்ட் பட்டை. ஈரத்துணியைக் குழாயில் சுற்றிப் பிழியச் சொல்லிக்கொடுத்தார். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டுகிறேன். இந்த இரண்டும்தான் என் விரல்களைக் காப்பாற்றுகின்றன என்று நம்புகிறேன்.

(மூன்றாமவர்) எனக்கும் தம்பிக்கு வந்த முதுகு நோய்தான், கழுத்து வரை எலும்பு ஒட்டிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதற்கு நம்மைப் போன்றவர்கள் தலையைக் கொடுக்கவே கூடாது. ஒட்டிய கழுத்தெலும்பு முறிந்துவிடும் என்று என் பிசியோதெரபிஸ்ட் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, கழுத்துல மட்டும் கை வைக்காதீங்க."