முகவரி தரப்படாத மெய்நிகர் வலைச்சாதனம்: டிரைவர் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாமா?

வடபழஞ்சி நிரலர்:
மதுரையில் எங்கள் சோதனைச் சர்வரின் வலையட்டையிலிருந்து ஒரு விடிபிஏ சாதனத்தை (விர்ச்சியோ என்னும் மெய்நிகர்ச் சாதன வரையறைப்படி அட்டையே இயக்கும் வலைச்சாதனம்) உருவாக்கி, அந்த வரையறைக்கான விர்ச்சியோ-நெட் டிரைவர் வழியாக, நிரல்களைத் தனித்து இயக்கும் ஒரு கன்டெய்னருக்குக் கொடுத்திருக்கிறோம். சாதனத்தை உருவாக்கியபோது மேக் முகவரி (வலைச்சாதனத்தை அடையாளம் காட்டும் 48 பிட் எண்) எதையும் குறிப்பிடவில்லை. ஆயினும் கன்டெய்னருக்குள் ஒரு முகவரி தெரிகிறது. அனுப்பும் பொட்டலங்கள் வெளியேறுகின்றன. வர வேண்டியவை ஒன்றுகூட வருவதில்லை. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 2022-க்கு முந்தையது. அட்டை முகவரி தராதபோது டிரைவர் தானாக ஒன்றை இட்டுக்கொள்வது சரியான நடத்தைதானா என்பதே என் கேள்வி.

ஒத்தக்கடையான்:
சரியன்று. சாதனம் தன்னிடம் முகவரி உண்டென்று அறிவிக்கும் மேக் அம்சக்கொடியை, அதாவது 5-ஆம் பிட்டை, முன்வைத்தால் அதன் அமைவுப் பகுதியிலுள்ள ஆறு பைட்டுகளை டிரைவர் எடுத்துக்கொள்கிறது. முன்வைக்காவிட்டால் தற்போக்காக (ரேண்டமாக) ஓர் உள்ளக முகவரியை, அதாவது உற்பத்தியாளர் ஒதுக்காத முகவரியை, உருவாக்கிக்கொள்கிறது. தெரிந்த முகவரிக்கு வருபவற்றை மட்டும் உள்ளே விடும் உங்கள் அட்டை வடிகட்டிக்கு அந்த முகவரி தெரியாது. எனவே வரும் பொட்டலங்களை அது கைவிடுகிறது. வெளியே போவதற்கு வடிகட்டி இல்லை. மாசி வீதியில் குடிவந்தவர் தாமே ஒரு கதவிலக்கத்தை எழுதி மாட்டிவிட்டுத் தபால்காரரிடம் சொல்லாமல் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இது.

முகவரி கொடுப்பது ஹோஸ்டின், அதாவது சாதனத்தை உருவாக்கித் தரும் சர்வரின், பொறுப்பு. கொடுக்கத் தவறியது ஒரு பிழை என்றால், அந்தப் பிழையை டிரைவர் வெளிக்காட்ட வேண்டுமே தவிர மூடி மறைக்கக் கூடாது. மேலும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் முகவரி மாறினால், ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வர் ஒவ்வொரு முறையும் புதிய கணினி வந்ததாக நினைத்து இன்னோர் ஐபி முகவரியை ஒதுக்கும். 254 முகவரிகள் மட்டுமே உள்ள ஒரு சிறிய வலையமைப்பில், அடிக்கடி மறுதொடக்கம் ஆகும் சில கணினிகளே அந்தத் தொகுப்பைக் காலி செய்துவிடும்.

வண்டியூர்க் கரை:
ஒத்தக்கடையாரின் விளக்கம் சரி, முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. விர்ச்சியோ வரையறையே இதற்கு இடம் தருகிறது: மேக் கொடி ஏற்கப்பட்டால் சாதனம் தந்த முகவரியை டிரைவர் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், இல்லையெனில் உள்ளக நிர்வாக முகவரி ஒன்றைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே டிரைவர் அத்துமீறவில்லை.

சாதனம் ஒரு பிரிட்ஜின் (வலைப்பகுதிகளை இணைக்கும் சுவிட்ச் போன்ற அமைப்பு) பின்னால் இருந்தால் உங்கள் தபால்காரர் அனுப்புநர் முகவரியைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்; அங்கே தற்போக்கு முகவரி எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்கிறது. முகவரி இல்லை என்பதற்காக டிரைவர் ஏற மறுத்தால், தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்யும் வழியே அடைபட்டுப்போகும். 48 பிட்டுகளில் குழுமுகவரிக்கும் உள்ளக முகவரிக்கும் உரிய இரண்டைக் கழித்தால் 46 பிட்டுகள் தற்போக்கானவை. மோதல் பற்றிய அச்சமும் வீண். (மெய்நிகர்க் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் 52:54:00 என்ற முன்னொட்டோடு கடைசி 24 பிட்டுகளை மட்டுமே மாற்றித் தருகிறது, அதை யாரும் ஆபத்தென்று சொல்வதில்லை.)

குறை உருவாக்கியதில் இல்லை, உருவாக்கியதைச் சாதனத்துக்குச் சொல்லாததில்தான் இருக்கிறது. பழைய விர்ச்சியோவில் அமைவுப் பகுதியில் ஒவ்வொரு பைட்டாக எழுதிச் சொல்ல முடிந்தது. ஆறு பைட்டுகளும் ஒரே கணத்தில் மாறாததால் இடையில் பாதிப் பழையதும் பாதிப் புதியதுமான முகவரி நிற்கும். 1.0 வரையறையில் அந்தப் பகுதி டிரைவருக்குப் படிக்க மட்டுமே உரியதாயிற்று. அதற்குப் பதிலாக, முகவரியைக் கட்டளையால் மாற்றலாம் என்று அறிவிக்கும் 23-ஆம் பிட்டைச் சாதனம் முன்வைத்தால், கட்டளைகளுக்கான கட்டுப்பாட்டு வரிசை வழியே முழு முகவரியையும் ஒரே கட்டளையில் அனுப்பலாம். சாதனம் தொடங்கும்போதே இந்தக் கட்டளையை அனுப்பும் திருத்தம் லினக்ஸில் 2023-இல் சேர்ந்தது. கேட்டவருக்குக் கெர்னலைப் புதுப்பித்தாலே போதும்.

ஒத்தக்கடையான்:
அந்தத் திருத்தமே என் வாதத்துக்குச் சான்று. அதன் நடத்தையைக் கவனியுங்கள்: 23-ஆம் பிட் இருந்து, கட்டளையைச் சாதனம் மறுத்தால், டிரைவர் தொடக்கத்தையே கைவிட்டுவிடுகிறது. 23-ஆம் பிட்டே இல்லாவிட்டாலோ, யாருக்கும் சொல்லாமல் தற்போக்கு முகவரியோடு தொடர்கிறது. சாதனத்துக்கு முகவரி தெரியாத நிலை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் பிழை, மற்றதில் மௌனம். இதை எந்தத் தர்க்கத்தால் நியாயப்படுத்துவீர்கள்?

வண்டியூர்க் கரை:
அவை ஒரே நிலை அல்ல. மறுப்பது என்பது சாதனம் தெளிவாகச் சொல்லிய பதில். கட்டளையையே ஆதரிக்காத சாதனம் பெரும்பாலும் எந்த முகவரிக்கு வந்ததையும் வடிகட்டாமல் உள்ளே விடும் எளிய சாதனம்.

ஒத்தக்கடையான்:
“பெரும்பாலும்” என்பது உங்கள் அனுமானம், வரையறையின் வாசகமன்று. டிரைவர் அனுமானத்தின் மேல் இயங்கக் கூடாது. மாற்று அட்டையோடு இணையாக இயங்கி, ஒன்று விலகினால் மற்றது தொடரும் காத்திருப்பு ஏற்பாட்டைப் பாருங்கள்: அங்கே இரு சாதனங்களும் ஒன்றுக்கொன்று இணையென்று அடையாளம் காணப்படுவதே ஒரே மேக் முகவரியைக் கொண்டுதான். ஒருபுறம் தற்போக்கு முகவரி வந்துவிட்டால் இணை சேராது.

மேலூர் வாசகன்:
இருவரும் கெர்னலோடு நின்றுவிட்டீர்கள். முகவரி தற்போக்கானது என்று கெர்னல் குறித்துவைத்தால், சிஸ்டம்டி (லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) தரும் நிலைக்கொள்கை, அதாவது முகவரியை மாறாமல் வைக்கும் அமைவு, இயங்கும் கணினிகளில் அதன் சாதன மேலாளரான யூடெவ் அதை மாற்றிவிடும். கணினி அடையாள எண்ணையும் சாதனப் பெயரையும் கொண்டு, ஒவ்வொரு பூட்டிலும் ஒன்றாகவே இருக்கும் முகவரியை அது கணக்கிடுகிறது. ஒத்தக்கடையார் அஞ்சிய டிஹெச்சிபி சிக்கல் அங்கே எழாது. ஆனால் ஒரே இமேஜிலிருந்து (கணினியின் வட்டு நகல்) அடையாள எண்ணை அழிக்காமல் பத்துப் பிரதிகள் எடுத்தால் பத்துக்கும் ஒரே முகவரி வந்து நிற்கும். இது தற்போக்கைவிட மோசம் என்பது என் கருத்து.

வடபழஞ்சி நிரலர்:
கெர்னலை உடனே மாற்ற இயலாததால், விடிபிஏ சாதனத்தை நீக்கிவிட்டு, உருவாக்கும் கட்டளையிலேயே மேக் முகவரியைக் குறிப்பிட்டு மீண்டும் சேர்த்தேன். பொட்டலங்கள் வரத் தொடங்கிவிட்டன. கெர்னல் தன் சாதனத் தகவல்களைக் காட்டும் சிஸ் கோப்புமுறைமையில் முகவரி ஒதுக்கீட்டு வகை முன்பு 1 என்று, அதாவது தற்போக்கு என்று இருந்தது. இப்போது 0, நிலையானது என்று காட்டுகிறது.

ஒத்தக்கடையான்:
மகிழ்ச்சி. அந்த மதிப்பு 1 ஆக உள்ள சாதனம் எதையும் எங்கள் கண்காணிப்பு நிரல் எச்சரிக்கையாகவே எழுப்புகிறது. டிரைவர் செய்யாததை நாங்கள் வெளியிலிருந்து செய்துகொள்கிறோம்.

வண்டியூர்க் கரை:
அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். அது இருக்க வேண்டிய இடமும் கண்காணிப்பு நிரல்தான். சாதனத்தை ஏற்ற மறுக்கும் உரிமையை டிரைவருக்குத் தர இன்னும் எனக்கு ஒப்புதலில்லை.