நியூயார்க்: எல்ஜிபிடி ஆவணக்காப்பகத்தில் வாரம் 8 மணி நேரப் பணி தேவை (ஓபிடி)

எஃப்-1 மாணவர் விசா, அருங்காட்சியகவியல் முதுகலை முடித்து ஓபிடியில் (படிப்புக்குப் பின் அமெரிக்காவில் துறை சார்ந்த வேலை செய்யும் தற்காலிக அனுமதி) இருக்கிறேன். ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான். பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை, எனவே 24 மாத நீட்டிப்பும் கிடையாது.

அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பின் வேலைப் பக்கம், ஐடியலிஸ்ட் என்ற சமூகப்பணி வேலைத் தளம், நேரடி மின்னஞ்சல் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சமூக மையம் தன்னார்வப் பணி தருகிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் அது கணக்கில் வரும். ஆனால் வாரம் 20 மணி நேரமாவது வேண்டும், அவர்களால் முடிவது 12. இரண்டு இடங்களைச் சேர்த்து 20 ஆக்க விதியில் இடமுண்டு. அந்த இரண்டாவது இடம்தான் அமையவில்லை.

புரூக்ளினின் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக்காப்பகம் 1974 முதல் தன்னார்வலர்களாலேயே நடக்கிறது. இந்த வரலாறு பிழைத்திருப்பதே அப்படிப்பட்டவர்களால்தான். அந்த மாதிரி வேலைதான் வேண்டும். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை எழுத்தாக்குவேன்; பழைய புகைப்படங்களை அமிலமற்ற உறைகளுக்கு மாற்றி அட்டவணைப்படுத்துவேன். செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு அமைப்பு) பதியவும் சான்றாக வைத்துக்கொள்ளவும் நிறுவன முகவரி, தொடங்கும் தேதி, மேற்பார்வையாளர் பெயர், வேலை நேரம் உள்ள கடிதம் எனக்கு வேண்டும். வேலை தொடங்கிய 10 நாளுக்குள் பதியவும் வேண்டும்.

நியூயார்க்கிலோ இணையவழியிலோ வாரம் 8 மணி நேரமும் இந்தக் கடிதமும் தரக்கூடிய எல்ஜிபிடி ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் அல்லது சமூக சேவை அமைப்பு எது?