ஏரியின் ஆழம் அளக்கும் ஆளில்லாப் படகு: ஆர்டுபைலட்டிலேயே இருக்கலாமா, பிஎக்ஸ்4-க்கு மாறலாமா?

ஏரிக்கரை (கேள்வி):

வணக்கம். எங்கள் ஊர் ஏரியின் அடித்தரையை வரைபடமாக்க, இரண்டு மோட்டார்கள் பொருத்திய சிறு படகு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். படகை இயக்கும் பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டுப் பலகை, ஜிபிஎஸ், அடியில் ஆழம் அளக்கும் சோனார் ஆகியவற்றுடன், ஆர்டுபைலட் என்னும் தானோட்டி மென்பொருளில் வண்டிகளுக்கும் படகுகளுக்குமான ரோவர் வகையை ஏற்றியுள்ளேன். சென்ற வாரம் கரையிலிருந்து வெகுதூரம் போனபோது ரேடியோ இணைப்பு அறுந்தது. மோட்டார்கள் நின்றன, மேல்காற்று படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போய், நீருக்குள் நின்ற சீமைக் கருவேல மரங்களுக்கிடையே சொருகிவிட்டது. கழுத்தளவு நீரில் நடந்து போய், விசிறியில் சுற்றியிருந்த கொடியை அறுத்துத்தான் மீட்டேன். கோளாறு நேர்ந்தால் படகு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் ஃபெயில்சேஃப் அமைப்புகளில் எதையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்காக பிஎக்ஸ்4 என்னும் மற்றொரு தானோட்டி மென்பொருளுக்கு மாறுவது பலன் தருமா? இதே படகைப் பின்னாளில் மற்ற ஊர்களுக்குச் செய்து விற்றால், நிரலை எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டுமா?

துடுப்பு (மறுமொழி):

மாற வேண்டிய தேவை இல்லை. ரோவரில் எஃப்எஸ்_ஆக்‌ஷன் என்னும் அளவுருவின் இயல்பு மதிப்பு 2, அதாவது ஹோல்ட்: இணைப்பு அறுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும். தரையில் ஓடும் வண்டிக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. மோட்டார் நின்றால் வண்டியும் நின்றுவிடும். நீரில் அப்படி இல்லை. படகு ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் லாய்ட்டர் நிலை வேண்டும். ஃப்ரேம்_கிளாஸ் அளவுருவுக்கு 2 என்று கொடுத்து, இது படகு என்பதை மென்பொருளுக்குத் தெரிவித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மரங்கள் நிற்கும் ஏரி என்பதால், ஃபெயில்சேஃப்பில் ஸ்மார்ட் ஆர்டிஎல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆர்டிஎல் என்பது புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் நிலை. சாதாரண ஆர்டிஎல் புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் வரும். ஸ்மார்ட் ஆர்டிஎல் படகு போன தடத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பும்.

மதகு (மறுமொழி):

துடுப்பு அவர்கள் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆழம் அளக்கும் படகு, வயலில் ஏர் ஓட்டுவதுபோல முன்னும் பின்னுமாக இணைகோடுகளில் போகும். ஸ்மார்ட் ஆர்டிஎல் தடத்தை எளிமையாக்கி, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் சுற்றுகளை நீக்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்து மீட்டர் இடைவெளியில் ஓடிய கோடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லையாதலால், படகு ஓடிய கோடுகள் அத்தனையையும் திரும்ப ஓடிக்கொண்டுதான் கரைக்கு வரும். பேட்டரி குறைந்ததால் திரும்பும் படகுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. நான் கடைப்பிடிக்கும் வழி வேறு. பாதை வகுக்கும் கணினிச் செயலியான மிஷன் பிளானரில் செயற்கைக்கோள் படத்தின் மேல், கருவேலத் திட்டுகளைச் சுற்றி, படகு நுழையக் கூடாத விலக்கு வேலிகளை வரைந்துகொள்கிறேன். பிறகு ஓஏ_டைப் அளவுருவுக்கு 2 கொடுத்தால், டைக்ஸ்ட்ரா என்னும் குறுகிய வழி தேடும் முறையில் அந்த வேலிகளைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். முன்பே வகுத்த பாதையில் தானாக ஓடும் ஆட்டோ நிலையில் மட்டுமல்லாமல் ஆர்டிஎல் நிலையிலும் இது வேலை செய்யும். ரேடியோ மட்டும் அறுந்து மற்றவை நன்றாக இருந்தால் திரும்பவே வேண்டியதில்லை. எஃப்எஸ்_டிஎச்ஆர்_எனேபிள் அளவுருவின் மதிப்பை 2 ஆக்கினால், ஆட்டோவில் இருக்கும் படகு கொடுத்த வேலையைத் தொடர்ந்து முடிக்கும். படம் பழையதாக இருந்தால் மரங்கள் அதற்குப் பிறகு பரவியிருக்கும். ஆகவே வேலியைச் சற்றுத் தாராளமாகவே வரையுங்கள்.

உரிமம் பற்றி (மறுமொழி):

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆர்டுபைலட் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருகிறது. பிஎக்ஸ்4 பிஎஸ்டி உரிமத்தின் கீழ் வருகிறது. ஆர்டுபைலட்டை நீங்கள் திருத்தி, அதைப் படகில் ஏற்றி விற்றால், வாங்குபவருக்கு அந்தத் திருத்தங்களுடன் கூடிய மூலநிரலைப் பெறும் உரிமை உண்டு. உலகம் முழுவதற்கும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் வரையில் யாருக்கும் கொடுக்க வேண்டியதும் இல்லை. பிஎஸ்டி உரிமத்தில் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் காப்பாற்றினால் போதும், திருத்தங்களை மூடியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் உழைப்பு பெரும்பாலும் ஆழத் தரவை வரைபடமாக்கும் நிரலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது தனிக் கணினியில் இயங்கி மாவ்லிங்க் என்னும் செய்திப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் படகுடன் பேசும் தனி நிரலாக இருக்குமானால், பொதுவாக ஜிபிஎல் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் திருத்தங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். நமக்கு இந்தப் படகு நிலையே அப்படி யாரோ கொடுத்ததால்தான் கிடைத்தது.

ஏரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஃப்ரேம்_கிளாஸ் 1 என்றே இருந்தது. இத்தனை நாளும் படகு தன்னை வண்டி என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்றிரவு கணினியில் எஸ்ஐடிஎல் போலி ஓட்டத்தை மோட்டார் படகு அமைப்பில் இயக்கி, ஏழு கருவேலத் திட்டுகளுக்கும் வேலி வரைந்து, நடுவழியில் ரேடியோவைத் துண்டித்துப் பார்த்தேன். படகு கோடுகளை ஓடி முடித்து, திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காற்று எழும் முன் நீரில் இறக்குகிறேன். முதல் முறை மட்டும் ஒரு நீளக் கயிற்றைக் கட்டியே விடுவேன்.